போடி மாடுகள் தின்ற காரட்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். எந்த ‘ல’வுக்கு எந்த ‘ள’ என்று இன்றைக்கும் குழம்புவேன். அதைப் பேத்தி திருத்தித் தருகிறாள். என் மறதியை அவளால் திருத்த முடியவில்லை. போன வாரம் சுரைக்காய் விதையைப் பற்றி எழுதும்போது, விதை கொடுத்தவள் பெரியகுளத்துக்காரி என்று எழுதிவிட்டேன். தேவதானப்பட்டியிலிருந்து என் தங்கை ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள், கொடுத்தது தான்தானாம். சரி, அவளேதான்.

இந்த வாரம் காரட்.

ஒரு சாக்கு கவிழ்கிறது. எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், சாணி மெழுகிய தரையில், சாக்கிலிருந்து கனகாம்பர நிறத்தில் விரல் விரலாக ஏதோ உருண்டு ஓடுகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் கொத்துக்கொத்தாகக் கீரை. மண் வாசம், கூடவே கொத்தமல்லி போல ஒரு வாசம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதினாறு வயது இருக்கலாம். கல்யாணமாகி ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் என் மாமியார் முன்னால் நான் பேசியது மொத்தம் இருபது வார்த்தைக்கு மேல் இருக்காது.

குதிரைத் தீனி

சாக்கைக் கவிழ்த்தவர் என் மாமியாரின் தம்பி. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தம்பி மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். எஸ்டேட் மாமா என்போம். குரங்கணி வழியாக இறங்கி, போடியில் வண்டி பிடித்து, சின்னமனூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வருவார். வந்தால் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. மலையில் காற்றோடு போட்டி போட்டுக் கத்திப் பழகியவர்.

“அக்கா, இது என்ன தெரியுமா? காரட்டு. தொர பங்களாத் தோட்டத்துல விளைஞ்சது. தொர தன் குதிரைக்கு இத வைக்காம ஏறி உக்காரவே மாட்டாரு. இதத் தின்னாத்தான் குதிரை மலை ஏறும்.”

“குதிரை திங்கிறதையா எனக்குக் கொண்டாந்த?”

“ஏ ஆத்தா, முழுசாக் கேளு…”

அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பி, “தம்பிக்குச் சுக்குத் தண்ணி வையி புள்ள” என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எஸ்டேட் மாமா முழுசாகச் சொன்னதை அத்தை கேட்டார். நான் கேட்டது குதிரை வரைக்கும்தான். நான் சுக்குத் தண்ணியோடு திரும்பியபோது அத்தையின் முகம் மலர்ந்திருந்தது.

“நாளைக்குப் போடிக்காரக வர்றாகள்ல? இதச் சமைச்சு வையி தாயி. அசந்து போயிருவாக.”

நான் தலையை ஆட்டினேன். எதைச் சமைக்க, எப்படிச் சமைக்க என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் இந்தக் கதை இருக்கிறது.

மூன்று விருந்தையும் தெரு தின்றது

போடிக்காரர்கள் ஏன் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் வந்தது என் நாத்தனார் பொன்னுத்தாயைப் பெண் பார்க்க.

இவுகளுக்கு (என் வீட்டுக்காரர் பெயரை இந்த வயதிலும் எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள்) ஒரே தங்கை அவள். அப்பா இல்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அதைக் கை நனைப்பது என்போம். சம்மதம் இல்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். “ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்” என்பார்கள். ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அதோடு முடிந்தது.

ஆனால் பெண் வீட்டில் சமைக்காமல் இருக்க முடியுமா? ஒருவேளை சம்மதித்துவிட்டால்? அதனால் அரிசிச் சோறு, பருப்பு, குழம்பு, கூட்டு, இரண்டு வெஞ்சனம், பாயாசம் என்று எல்லாம் ஆக்கி மூடி வைத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் சோளச் சோறும் கம்பங்கூழும்தான். நெல் விளையும் ஊர்தான், ஆனால் அரிசிச் சோறு விருந்துக்கும் விசேஷத்துக்கும் மட்டும்.

பொன்னுத்தாயைப் பார்க்க அதற்கு முன்னால் மூன்று கூட்டம் வந்து போயிருந்தது. மூன்றும் கை நனைக்கவில்லை. முதல் கூட்டம் ஏன் போனது என்று தெரியாது. இரண்டாவது கூட்டத்தில் ஒரு அம்மா, “சமைக்கத் தெரியுமா?” என்று கேட்டதற்கு இவள், “தின்னத் தெரிஞ்சவுக வந்தா சமைக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது கூட்டம் அந்தப் பதிலைக் கேள்விப்பட்டுவிட்டே வந்தது, வேடிக்கை பார்க்க.

சமைத்தது என்ன ஆகும்? தெருவுக்குப் போகும். எதிர் வீட்டுக்கு ஒரு சட்டி, பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டி.

“இன்னும் நாலு மாப்பிள்ள திரும்பிப் போனா நம்ம தெருவே கொழுத்துப் போகும் மதினி” என்பாள் பொன்னுத்தாய்.

நான் சிரிப்பேன். ஆனால் மூன்றாவது கூட்டம் போன அன்றைக்கு அத்தை அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. காலையில் வைத்த கூழைக் கரைத்துக் குடித்தார். “நாலாவதா வர்றவுகளும் எந்திரிச்சுப் போனா, பெறகு அஞ்சாவதுன்னு ஒருத்தரும் வர மாட்டாக. இது கை நனைக்காத வீடுன்னு பேராயிரும்” என்றார். பொன்னுத்தாய் அப்போது அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

எந்தக் காய்க்கு என்ன நாள்

காரட்டுக்கு வருவதற்கு முன்னால் மற்ற காய்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் அவை கோபித்துக்கொள்ளும்.

அப்போது காய் வாங்குவது என்று பெரிதாகக் கிடையாது. கொல்லையில் கத்தரி, வேலியில் பீர்க்கு, கூரையில் பூசணி, கிணற்றடியில் அவரை. முருங்கை எதிர் வீட்டில். அந்த மரத்தின் பாதிக் காய் எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்தது எங்களுக்கு என்று அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பாகற்காய் வைக்கக் கூடாது. அகத்திக்கீரை கூடவே கூடாது. அது துக்க வீட்டுக் கீரை. சுரைக்காய் நீர்க்காய், மதிப்பு இல்லை. பூசணிக் கூட்டும் கத்தரிக்காய் முருங்கைக்காய்ப் புளிக்குழம்பும் தவறாமல் இருக்க வேண்டும். கத்தரிக்காயைக் காம்போடு நான்காகக் கீறிப் போட வேண்டும். அவரைக்காயை நார் உரித்துப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். பொடியாக நறுக்கினால் வரப்போகிற மருமகள் பொறுமைசாலி என்று அர்த்தமாம். அன்றைக்கு நறுக்கியது நான். அந்தப் பெயர் போனது பொன்னுத்தாய்க்கு.

இவ்வளவு சட்டம் இருந்த வீட்டில் காரட்டுக்கு மட்டும் சட்டம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை மாட்டிவிட்டது.

கீரை மனுசருக்கு, கிழங்கு மாட்டுக்கு

மறுநாள் காலையில் காரட்டைச் சொளகில் அள்ளி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். வாடியிருந்த கீரையில் தண்ணீர் தெளித்தேன். நிமிர்ந்தது. முகர்ந்தால் மல்லித்தழை. இதைச் சமைக்கலாம், சந்தேகமில்லை.

கிழங்கில் ஒன்றைக் கழுவிக் கடித்துப் பார்த்தேன். இனித்தது. வெஞ்சனம் இனிக்குமா? சர்க்கரைவள்ளி இனிக்கும், ஆனால் அதை அவித்துத் தின்போம், சோற்றுக்கா தொட்டுக்கொள்வோம்? அப்போது எஸ்டேட் மாமாவின் குதிரை என் மண்டைக்குள் ஓடியது. துரையின் குதிரைக்கு வைப்பது இந்தக் கிழங்கைத்தான். ஆகவே கீரை மனுசருக்கு, கிழங்கு மாட்டுக்கு. போடி மாடுகளுக்குத் துரை வீட்டுத் தீனி வைத்தால் அசந்து போகத்தானே செய்வார்கள்? அத்தை சொன்னது எனக்குச் சரியாக விளங்கிவிட்டது போலிருந்தது.

கீரையை அரிந்து, துவரம்பருப்பு சேர்த்து, வெங்காயம் கிள்ளுமிளகாய் போட்டுத் துவட்டி, தேங்காய் தூவி மூடி வைத்தேன். வாசம் நன்றாகவே இருந்தது. அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்து, “காரட்டு ஆச்சா?” என்றார். தலையை ஆட்டினேன்.

நண்பகலுக்கு வில்வண்டி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அவருடைய அக்கா (மாப்பிள்ளைக்கு அத்தை), பெரியவர்கள் இன்னும் இரண்டு பேர். உள்ளே வந்தவர்களில் மாப்பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை பெண் பார்க்க வருவது வழக்கமில்லை. அவர்கள் வரும் வழியில் வாய்க்கால் கரையில் கட்டுச்சோறு பிரித்துத் தின்றுவிட்டே வந்திருந்தார்கள். மாட்டுக்குக்கூட வண்டிக்கு அடியில் வைக்கோல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விளங்கியிருக்காது. நான் பிறந்த தேவதானப்பட்டிப் பக்கம் வந்த மாட்டுக்குத் தீனி வைக்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு.

அவர்கள் பட்டாசாலையில் உட்கார்ந்ததும் நான் சொளகை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தொழுவத்துக்குப் போனேன். மாடுகள் இரண்டும் மயிலைக் காளைகள். ஒவ்வொரு கிழங்காக நீட்டினேன். கடக் கடக் என்று அவை கடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் வண்டிக்காரர் நின்றார். நான் நிமிரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கால், ஒரு சோடிச் செருப்பு. வண்டி ஓட்டுகிறவருக்குச் செருப்பு நன்றாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி.

“மாட்டுக்கு மட்டுந்தானா?” என்றார் அந்தக் கால்களுக்கு மேலே இருந்தவர்.

எனக்கு உயிரே போய்விட்டது. சொளகை வண்டிமேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். பின்வாசற்படியில் பொன்னுத்தாய், புதுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, அடுத்துக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மதினி, புலியா வெரட்டுது?”

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் படியில் நின்றபடியே தலையை நீட்டினாள்.

“ஏ வண்டிக்காரரே! ஒங்க ஊர்ல மாடு பட்டினியா, மனுசன் பட்டினியா?”

“ரெண்டுந்தான்” என்றது குரல்.

“அப்பத் தின்ன வேண்டியதுதான? கை நனைக்க மாட்டோம்கிறதெல்லாம் ஒங்க மொதலாளிகளுக்கு. ஒங்களுக்குமா?”

கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அது மாடு கடித்த சத்தம் இல்லை.

மாடு வெற்றிலை போட்டதா?

உள்ளே பொன்னுத்தாய் வந்து விழுந்து கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை, “என்னென்ன வைக்கத் தெரியும்?” என்று கேட்டார். “எல்லாம் தெரியும்” என்றாள் பொன்னுத்தாய், கோழிக்குஞ்சு மாதிரி. அது அவள் குரலே இல்லை. எதிர்த்துப் பேச மாட்டேன் என்று விளக்கில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லி அவள் அம்மா மிரட்டியிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறினார். “சரிம்மா, ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்.”

நான் அடுப்படியில் எடுத்து வைத்திருந்த இலைக்கட்டை ஓரமாகத் தள்ளினேன். அத்தை, “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்ல?” என்றார்.

“இருக்கட்டும்மா. வர்ற வழியிலதான் சாப்பிட்டோம்.”

எழுந்து போய்விட்டார்கள். பொன்னுத்தாய் என் பக்கத்தில் வந்து நின்று, தலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். “எதிர் வீட்டுக்குச் சட்டி எடுத்து வைங்க மதினி” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

அப்போது தொழுவத்திலிருந்து மாப்பிள்ளையின் அத்தை போட்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

“ஏ தம்பி, இங்கன வந்து பாரு! மாட்டு வாயெல்லாம் செவந்து கெடக்கு. நாம நிச்சயம் பண்ணல, அதுக்குள்ள மாடு வெத்தல மாத்திருச்சா?”

எல்லாரும் ஓடினோம். இரண்டு காளைகளின் வாயிலும் கனகாம்பர நிறத்தில் நுரை. தரையில் துண்டு துண்டாகக் காரட்.

“யாரு தீனி வச்சது?”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். “நீயா புள்ள?”

தலையை ஆட்டினேன்.

“காரட்டையா? அப்ப மூடி வச்சிருக்கது?”

“கீரை” என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே வார்த்தை.

மாப்பிள்ளையின் அத்தைக்கு ஆங்காரம் வந்துவிட்டது. “நாங்க வைக்கல் கட்டிக்கிட்டு வந்திருக்கோம், பாத்தீகள்ல? பொண்ணு வீட்டுல மாடு தின்னாலும் தின்னது தின்னதுதான். தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீக. எங்கள மடக்கப் பாக்குறீக!”

இவுக தலை குனிந்து நின்னாக. அத்தை கையைப் பிசைந்தார். சம்மதம் இல்லை என்று போனால்கூடப் போகட்டும், எங்களுக்கு ஏமாற்றுக்காரர்கள் என்ற பெயரை வைத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் என்னால். பொன்னுத்தாய்க்கு இனி எவன் வருவான்? கிணறு பக்கத்தில்தான் இருந்தது. விழுந்துவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன்.

“அயித்த, மாட்ட வையாதீக” என்றார் வண்டிக்காரர். “நானுந் தின்னேன்.”

“எத்தன தின்ன?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“ரெண்டு.”

“பசியாடா?”

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நானே நிமிர்ந்து பார்த்தேன். காதில் சிவப்புக்கல் கடுக்கன். வண்டிக்காரர் போடுகிற கடுக்கன் இல்லை அது.

மாப்பிள்ளையின் அப்பா தன் அக்காவைப் பார்த்தார். “மாடு தின்னதுக்குப் பஞ்சாயத்துப் பேசலாம்க்கா. மாப்பிள்ளையே தின்னுட்டு நிக்கிறான். இனி எங்கன போயிச் சொல்லி விடுறது?” பிறகு எங்கள் அத்தை பக்கம் திரும்பினார். காலையிலிருந்து ‘அம்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், “தங்கச்சி, கை கழுவத் தண்ணி குடுக்கச் சொல்லு” என்றார்.

அத்தை அப்படியே தொழுவத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இலையில் விழுந்த கீரை

ஐந்து இலை போட்டோம். காரட் கீரைத் துவட்டலை மாப்பிள்ளையின் அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். “கொஞ்சம் கசக்குது, ஆனாலும் நல்லாத்தான் இருக்கு” என்றார். தின்று முடித்த பிறகும் கோபம் முழுதாகப் போகவில்லை. கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து, “மாட்டுக்குச் சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்காரி சட்டியோடு வந்து நின்றாள். மிச்சம் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

எஸ்டேட் மாமாவுக்கு விஷயம் தெரிந்தபோது, “குதிரை திங்கும், மனுசனும் திங்கலாம்னுதான சொன்னேன்” என்று ஊரே கேட்கக் கத்தினார். காரட்டைப் பொரியல் வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அதற்கும் ஒரு வருஷம் கழித்து, பொன்னுத்தாய் வீட்டில் போய்த் தின்றபோதுதான். இப்போது காரட் தெருத்தெருவாக வருகிறது. கீரையை மலையிலேயே வெட்டி எறிந்துவிடுகிறார்கள் போல. மொட்டைத் தலையோடு வருகிறது. எனக்கு அதைப் பார்த்தால் பாதிச் சமையல் காணாமல் போன மாதிரி இருக்கும்.

பொன்னுத்தாயின் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தவரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் இலையில் உட்காருமுன் என்னைப் பார்த்து, “எனக்குக் கீரையா, கிழங்கா?” என்று கேட்பார். நானும் அறுபது வயதுக்குப் பிறகு துணிந்து பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

இதில் தப்பு இருக்கலாம். அவர் தின்றது இரண்டா மூன்றா, வந்தவர்கள் நாலு பேரா ஐந்து பேரா, துரை வீட்டுத் தோட்டம் மூணாறா தேவிகுளமா, யாராவது சரிபார்த்து எழுதுங்கள்.

இன்னும் ஒன்றுக்கும் சரியான பதில் வேண்டும். நான் காலைத்தான் பார்த்தேன். பொன்னுத்தாய் படியில் நின்று முகத்துக்கு நேராகப் பார்த்தாள். காதில் கடுக்கன் இருந்தது. ‘ஒங்களுக்குமா?’ என்று அவள் கேட்டபோது, கேட்பது யாரை என்று தெரிந்தேதான் கேட்டாளா? ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுப் பார்க்கிறேன், “போங்க மதினி” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். பெரிய வாயாடி, இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை. போடியில் இதைப் படிக்கிற யாராவது அவளிடம் ஒரு நடை போய்க் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். போகும்போது கீரையோடு நாலு காரட் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.